தனி அறை - 9: வந்த காரணம்

இரவு பஸ்ஸில் வந்து, விடியப்புறம் ஐந்து மணிக்குக் காலி வீதியில் பையோடு இறங்கியதில் சென்ற வாரம் நிறுத்தினேன். கொழும்புக்குத் தனியாக வருபவர் மலிவாகத் தங்க வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா என்று இந்த வாரம் தீர்த்துச் சொல்வதாக வாக்கும் கொடுத்திருந்தேன்.

முதலில் வெள்ளவத்தை. மருந்துக்கடையிலும் தமிழில் கேட்கலாம். காலி வீதிக்கு வந்து நின்றால் 100ஆம் இலக்க பஸ் புறக்கோட்டைக்குக் கொண்டுபோய் விடும். கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் அறைகள் உண்டு. ஆனால் ‘கடல் தெரியும் அறை’ என்றதும் மயங்க வேண்டாம். மெரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம் கிடக்கிறது. முதல் ரயிலோடு உங்கள் நித்திரையும் போய்விடும்.

வாடகையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: 24 மணிநேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? விடியப்புறம் ஐந்துக்கு வருபவர், பகல் 12 மணிக் கணக்குள்ள இடத்தில் ஏழு மணிநேரத்துக்கு ஒரு நாள் காசு கொடுக்க நேரிடும். அறையைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். உட்தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள். நுளம்பு வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். டெங்கு உள்ள ஊர் இது.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்க வேண்டும். போக விடாமல் என்னைப் பிடித்து வைத்தது ஒரு பதிவேடு.

நான் தங்கிய லொட்ஜில் முகாமையாளர் கடின அட்டை போட்ட நீளக் கொப்பி ஒன்றைத் திருப்பி வைத்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, வந்த காரணம், போகும் திகதி. எனக்கு மேலே எழுதியவர்களின் காரணங்களை வாசித்தேன்: கண் வைத்தியம், விசா, நேர்முகப் பரீட்சை, மகளின் பிள்ளைப்பேறு. நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போக, “தங்கச்சி, அதை மட்டும் வெறுமையா விடாதேங்கோ” என்றார்.

ஏன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. 2007 ஜூன் 7 அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியாப் பக்கமும் கிழக்குப் பக்கமும் அனுப்பினார்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லையாம். வைத்தியத்துக்கு வந்தவர்களும், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் அந்த பஸ்களில் இருந்தார்கள். வாடகை கட்டிய அறை. சொந்த நாட்டின் தலைநகரம்.

இந்தக் கதையின் அடுத்த நாளைத்தான் இந்த வாரம் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனது. ஜூன் 8ஆம் திகதியே வெளியேற்றத்தை நிறுத்தும் இடைக்கால உத்தரவு கிடைத்தது. வழக்கு என்றால் வருஷக்கணக்கு என்று பழகிப்போன நாட்டில், லொட்ஜ் வாடகைபோல நாட்கணக்கில் ஒரு நீதி! 10ஆம் திகதி பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். வவுனியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள்.

மனு போட ஆட்கள் இருந்ததால் அந்த உத்தரவு வந்தது. அதற்காக அந்த அதிகாலை இல்லாமல் போய்விடாது. இருட்டில் கதவு தட்டப்பட்ட ஒருவர், எத்தனை வருஷம் கழித்தும் கதவுக்குப் பக்கத்திலேயே பையை வைத்துப் படுப்பார். அப்படிப் படுப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே அறை தேடும்போது கட்டிலோடு சேர்த்துப் பதிவேட்டையும் பாருங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒழுங்காக எழுதி, திகதியிட்ட பற்றுச்சீட்டும் தரும் இடம், நூறு இருநூறு ரூபாய் கூடினாலும் நல்ல இடம். பதிவே வேண்டாம், காசை மட்டும் தாருங்கள் என்பவரிடம் தங்க வேண்டாம். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால், நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று சொல்ல ஒரு வரிகூட இருக்காது.

கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஜம்பட்டா வீதியும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும், அந்தச் சுற்றுவட்டாரத்து அறைகளும் அடுத்த வாரம். அதற்குள் நீங்கள் எங்காவது தங்கப் போனால், சாவியை வாங்குமுன் பற்றுச்சீட்டை வாங்குங்கள்.