மானும் வில்லும்



குறிஞ்சி நிலத்திற்குரிய பெரும்பொழுதுகள் கூதிரும் முன்பனியும் எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களாம். அக்காலத்தில் திருக்குற்றால மலையடிவாரத்து மாலை எத்தகையது? ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீறுகொண்டு வீசிய தென்மேல்காற்று ஓய்ந்திருக்கும். மழையில் நனைந்த சருகு காலடியில் ஒலி செய்யாது. வில்லேந்திய பண்டை வேட்டுவனுக்கு இதனினும் ஏற்ற பொழுது அரிது. அவன் தொழிலுக்கு அடிப்படையான அறிவு யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

புள்ளிமானும், நம் பக்கத்தார் மிளா என்று வழங்கும் பெருமானும் கண்ணைவிட மூக்கையே மிகுதியாக நம்புவன. பகலில் வெயில்பட்ட மலைச்சரிவின் காற்று வெப்பமுற்று மேலேறும். ஞாயிறு மறைந்தபின் சரிவு குளிரும். அதனை அடுத்த காற்றும் குளிர்ந்து, கனத்து, நீரைப்போலக் கீழ்நோக்கி வழியும். ஆதலால் மாலையில் வேட்டுவன் மான்தடத்திற்குக் கீழ்ப்புறத்தில் அமர வேண்டும். மேற்புறத்தில் அமர்ந்தால் அவன் வாடை மானிடம் சென்றுவிடும்.

அடுத்து, அம்பின் வேகத்தைக் கருதுவோம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மரவில்லிலிருந்து விடுபட்ட அம்பு 50 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். மான் 30 மீட்டர் தொலைவில் நின்றால், நாணொலி பத்திலொரு விநாடிக்குள் அதன் செவியை எட்டும். அம்பு சென்று சேர அரை விநாடிக்கு மேலாகும். அவ்விடைவெளியில் மான் துள்ளிவிடும். எனவே மிக அணுகிய பின்னரே எய்தல் வேண்டும். ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தியவன் என வல்வில் ஓரியைப் புறநானூறு போற்றுவது, இத்தொழிலின் அருமையை உணர்ந்தே ஆகும்.

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் வரும் சிங்கனோ கண்ணி வைத்துப் பறவை பிடிப்பவன். வில்லுக்கும் கண்ணிக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. வில்லாளன் குட்டியையும் தாயையும் கண்டு விலக்கலாம். கண்ணிக்குக் கண் இல்லை. இன்று காடுகளில் கள்ளத்தனமாக வைக்கப்படும் கம்பிக் கண்ணிகள் மானை மட்டுமன்றிச் சிறுத்தையையும் சிக்கவைக்கின்றன.

மான் குறைந்தால் புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றின் உணவு குறையும். அவற்றுள் சில ஊர்க் கால்நடைகளை நாடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டின் திருத்தமும் வேட்டையைத் தடுத்தன. அது முறையே. ஆயின் வில்லைக் கீழே வைத்த நாம், காற்றையும் தடத்தையும் படிக்கும் அறிவையும் கைவிடலாகாது. வனக்காவலருக்கும் ஆய்வாளருக்கும் அவ்வறிவு இன்றும் வேண்டப்படுகின்றது.

மலையடி ஊர்களில் வாழும் மாணவர்கள், காற்றடங்கிய நாளொன்றில், அடுப்புப் புகை நண்பகலில் எத்திசை செல்கின்றது, அந்தி சாய்ந்தபின் எத்திசை செல்கின்றது என்று குறித்து வாருங்கள். காட்டைக் கற்பதற்கு அதுவே முதற்பாடம்.