பதினெட்டுப் பவுண்டு எங்கே போனது?

மகள் இங்கிலாந்தில் முதுகலை படிக்கிறாள். இரண்டாம் தவணைக் கட்டணம் நாலாயிரம் பவுண்டு. வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பான் கார்டு நகல் கொடுத்து, நேராகப் பல்கலைக்கழகக் கணக்குக்கே அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது 3,982.

குறைந்த பதினெட்டை அவள் எங்களிடம் சொல்லவில்லை. பகுதிநேர வேலைச் சம்பளத்தில் கட்டிவிட்டு, பத்து நாள் கழித்துப் பேச்சுவாக்கில்தான் சொன்னாள். "சின்னத் தொகைதானேப்பா, உங்களை எதுக்கு அலையவிடணும்?" அந்தத் தவணைக்காக அம்மாவின் நாலு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது அவளுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்துப் பவுண்டு நாணயம்தான் நம் வீடுகளில் பவுன் ஆனது. அந்தப் பவுனை வைத்துத்தான் இன்று பவுண்டு வாங்குகிறோம். அதில் பதினெட்டு காணாமல் போனால் மனசு கேட்குமா?

வங்கிக்குப் போய்க் கேட்டேன். நம் வங்கிக்கும் பல்கலைக்கழகத்தின் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் பணம் நடுவில் இன்னொரு வங்கி வழியாகப் போகும். அது தன் கூலியை எடுத்துக்கொள்ளும். வழிச்செலவு யாருடையது என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. இருவரும் பகிர்வது என்று அதில் டிக் அடித்திருந்தது. அனுப்புபவரே ஏற்பது என்று கேட்டு வாங்கியிருந்தால், இங்கே கொஞ்சம் கூடக் கட்டியிருப்பேன், அங்கே குறைந்திருக்காது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஆனால் பெரிய இழப்பு அதுவல்ல. அன்று சந்தையில் பவுண்டு 117 ரூபாய். வங்கி எனக்குப் போட்ட விலை 119 ரூபாய் 20 காசு. நாலாயிரம் பவுண்டுக்கு வித்தியாசம் 8,800 ரூபாய். ரசீதில் கமிஷனும் ஜிஎஸ்டியும் தனித்தனியாக இருக்கின்றன. இந்த 8,800 எங்கேயும் இல்லை. அடுத்த தவணைக்கு மேலாளரிடமே போய் விலையைக் குறைக்கச் சொன்னேன். தலைமை அலுவலகத்துக்குப் பேசி, பவுண்டுக்கு எண்பது காசு குறைத்துத் தந்தார். ஒரு தொலைபேசி அழைப்பில் 3,200 ரூபாய் மிஞ்சியது.

வரி விஷயத்திலும் கவனம் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை பத்து லட்சத்தைத் தாண்டினால்தான் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வசூலிக்கும் முன்வரி, பிடிப்பார்கள். இந்த வரம்பு ஆளுக்கு ஒன்று. அப்பா கணக்கிலிருந்து பாதி, அம்மா கணக்கிலிருந்து பாதி அனுப்புவது சட்டப்படியே சரி. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக்கடனில் அனுப்பினால் இந்தப் பிடித்தமே கிடையாது. சொந்தப் பணமென்றால் கல்விக்குச் சலுகை விகிதம் உண்டு; அது பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் அனுப்பும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள். நோக்கம் என்ற இடத்தில் கல்வி என்பதற்குப் பதில் குடும்பப் பராமரிப்பு என்று விழுந்துவிட்டால், வரம்புக்கு மேல் 20 சதவீதம் போய்விடும். பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். வருமான வரி வரம்புக்குள் வராத பெற்றோர் பலர் தாக்கலே செய்யாமல் அந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் செலவுக்குப் பயந்து வங்கிக்கு வெளியே, உண்டியல் (ஹவாலா) வழியில் அனுப்பச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்று பிள்ளைகளிடமே பேசுபவர்களும் இருக்கிறார்கள். திருட்டு கார்டில் கட்டணம் கட்டிவிட்டு நம் பணத்தை வாங்கிக்கொண்டு போவது இவர்கள் வழக்கம். கார்டுக்காரர் புகார் கொடுத்ததும் கட்டணம் திரும்பிப் போய்விடும்; பிள்ளை விசாரணையில் நிற்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வங்கிகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய சந்தை விலை என்ன, நீங்கள் போடும் விலை என்ன, அங்கே போய்ச் சேரப்போவது எவ்வளவு என்று மூன்று வரி, தமிழில், கையெழுத்து வாங்கும் முன் எழுதிக் கொடுங்கள்.