அமெரிக்கப் பல்கலைக்கழக இதழுக்குக் கதை அனுப்புவது எப்படி?

"இக்கதை என் சொந்தக் கற்பனையே. தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல. வேறு எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பப்படவில்லை" என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டுப் பழகியவர்கள் நாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இலக்கிய இதழ்களுக்கு ஆங்கிலத்தில் எழுதியோ தமிழிலிருந்து மொழிபெயர்த்தோ அனுப்ப நினைப்பவர் முதலில் விட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். அங்கே பெரும்பாலான இதழ்கள், ஒரே கதையை ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்புவதைத் தவறாக நினைப்பதில்லை. மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்கிப் போடும் இதழ்களும் பல.

பல்கலைக்கழக இதழ் என்றால் இரண்டு வகை. ஒன்று, அந்தந்த நிறுவனத்தின் மாணவர்களே எழுதி நடத்துவது. 1866இல் தொடங்கிய 'ஹார்வர்ட் அட்வகேட்' அப்படி வளர்ந்ததுதான், டி.எஸ். எலியட் மாணவராக இருந்தபோது எழுதிய கவிதைகள் அதில் வந்தன. இன்னொன்று, பல்கலைக்கழகத்தின் பணத்திலும் இடத்திலும் நடந்தாலும் உலகில் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இதழ். நெப்ராஸ்காவின் 'பிரெய்ரி ஸ்கூனர்' (1926), கென்யன் கல்லூரியின் 'கென்யன் ரிவ்யூ' (1939), பட்டமேற்படிப்பு மாணவர்களே ஆசிரியர்களாக இருக்கும் 'சிகாகோ ரிவ்யூ' (1946), 'ஐயோவா ரிவ்யூ' (1970) ஆகியவை இந்த வகை. நமக்குக் கதவு திறந்திருப்பது இங்கேதான்.

அனுப்பியதை யார் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி விதிகள் தாமாகவே விளங்கிவிடும். அட்டையில் பெயர் போட்டிருக்கும் ஆசிரியர் உங்கள் கதையை முதலில் படிப்பதில்லை. பெரும்பாலும் எம்.எஃப்.ஏ. என்ற படைப்பெழுத்துப் பட்டம் படிக்கும் ஒரு மாணவர்தான் படிக்கிறார். சில இடங்களில் உதவித்தொகைக்கு ஈடாக அவர் செய்யும் வேலை அது. பல இடங்களில் சம்பளமே கிடையாது. தன் வகுப்பு, தான் பாடம் எடுக்கும் வகுப்பு, தான் எழுதிக்கொண்டிருக்கும் கதை எல்லாவற்றுக்கும் நடுவே உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிறார். இரண்டு மூன்று பேர் படித்து வேண்டாம் என்றால் கதை அங்கேயே முடிந்தது. ஒருவருக்குப் பிடித்துவிட்டால் அது கதைப் பகுதி ஆசிரியரிடம் போகும், கூட்டத்தில் பேசுவார்கள், கடைசியாகத்தான் தலைமை ஆசிரியர்.

ஆக, உங்கள் கதைக்குத் தேவை அதற்காக வாதாடும் ஒரே ஒரு ஆள். எல்லோரும் "பரவாயில்லை" என்று தலையாட்டும் கதை மேலே போகாது. நாலு பேருக்குப் பிடிக்காவிட்டாலும் ஒருவர் விடாப்பிடியாகத் தூக்கிக்கொண்டு அலையும் கதை போகும். இதை மனத்தில் வைத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். ஊர் வர்ணனை, வெயில், கதாநாயகன் கண்விழித்துப் பல் துலக்குவது என்று மெதுவாக ஆரம்பித்தால், களைத்துப்போன அந்த மாணவர் மூன்றாம் பக்கம் வரை வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்னொன்று: வெளிநாட்டார் படிக்கிறார்கள் என்பதற்காகத் தாவணி என்றால் என்ன, ரசம் எப்படி வைப்பது என்று கதைக்குள் பாடம் நடத்த வேண்டாம். விளக்கம் கூடக் கூட அது கதையாக இல்லாமல் சுற்றுலாக் கையேடாகிவிடும்.

மாணவர்கள் படிப்பதால் இதழ்களின் நாட்காட்டியும் கல்லூரி நாட்காட்டியை ஒட்டியே இருக்கும். பல இதழ்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் வாசலைத் திறந்து, கோடை விடுமுறைக்கு முன் மூடிவிடும். சில இதழ்கள் குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததுமே மூடிவிடுவதும் உண்டு. பதிலுக்கு மூன்று முதல் ஆறு மாதம் சாதாரணம். ஒரு வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை. இதழ் சொன்ன காலக்கெடு தாண்டும் முன் "என் கதை என்ன ஆயிற்று?" என்று எழுதாதீர்கள்.

ஒரு காலத்தில் இங்கிருந்து அனுப்புபவர், கதை திரும்பி வருவதற்காகச் சர்வதேசப் பதில் கூப்பன் வாங்கி உறையில் வைக்க வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலும் 'சப்மிட்டபிள்' என்ற இணையச் செயலி வழியாகவே அனுப்புகிறார்கள். சாதாரணமாக அனுப்ப 3 டாலர் அளவில் கட்டணம் கேட்கும் இதழ்கள் பல. போட்டி என்றால் 20 டாலரோ அதற்கு மேலோ போகும். கட்டணமே வாங்காத நல்ல இதழ்களும் இருக்கின்றன. முதலில் அவற்றைத் தேடுங்கள். அந்த ஊர்க்காரருக்கு மூன்று டாலர் காப்பிக் காசு, நமக்கு அப்படியல்ல.

கோப்பு எளிமையாக இருக்கட்டும்: சாதாரண எழுத்துரு, 12 புள்ளி அளவு, வரிகளுக்கு இடையே இரட்டை இடைவெளி, பக்க எண். கவிதை என்றால் மூன்று முதல் ஐந்து வரை ஒரே கோப்பில். பெயர் தெரியாமல் படிக்கும் இதழ்கள் கோப்பிலிருந்து பெயரை நீக்கச் சொல்லும். மறந்தால் படிக்காமலே தள்ளிவிடலாம். முகநூலிலோ வலைப்பூவிலோ போட்டதைப் பல இதழ்கள் ஏற்கெனவே வெளியானதாகவே கருதும்.

உடன் வைக்கும் கடிதத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். "தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்" என்ற தொனி ஆங்கிலத்தில் மனு மாதிரி ஒலிக்கும். கதைச் சுருக்கமும் வேண்டாம், கதையின் உட்பொருளும் வேண்டாம். தலைப்பு, சொற்களின் எண்ணிக்கை, வேறு இடங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன் என்ற தகவல், உங்களைப் பற்றி இரண்டு வரி. எங்கும் வெளியானதில்லையா? பாதகமில்லை, புது ஆளைக் கண்டெடுப்பதில் இந்த இதழ்களுக்கு ஒரு பெருமை உண்டு. எழுத்தாளர் ஃப்ளானரி ஓ'கானர் ஐயோவாவில் மாணவியாக இருந்தபோது அவருடைய முதல் கதையை 1946இல் வெளியிட்டது இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 'ஆக்சென்ட்'. அப்போது அவருக்கு வயது 21.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வேலை கூடுதல். மூல ஆசிரியரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அவர் இல்லையென்றால் வாரிசுகளின் அனுமதி. மூலத் தமிழ்ப் பிரதியையும் சேர்த்துக் கேட்பார்கள். புதுமைப்பித்தன் போல நாட்டுடைமையாக்கப்பட்டவர் என்றால், தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து எழுத்துகளைப் பொதுவாக்கியது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்படியொரு ஏற்பாடு உண்டு என்பதே இதழாசிரியருக்குத் தெரிந்திருக்காது. அதே கதையை மொழிபெயர்ப்பாளர் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமோ வேறு யாரோ ஏற்கெனவே ஆங்கிலமாக்கியிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புது மொழிபெயர்ப்புக்குத் தடையில்லை, ஆனால் ஏன் இன்னொன்று என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

மறுப்பு வரும், நிறைய வரும். அதிலும் தரம் உண்டு. "எங்களுக்குப் பொருந்தவில்லை" என்ற அச்சடித்த வரியை மறந்துவிடலாம். "வேறு படைப்பு இருந்தால் அனுப்புங்கள்" என்று வந்தால் அது உபசார வார்த்தை அல்ல. வேலைச்சுமை உள்ளவர்கள் அதை எல்லோருக்கும் எழுதுவதில்லை. உங்களுக்காக யாரோ வாதாடித் தோற்றிருக்கலாம். அடுத்த பருவத்தில் அந்த இதழுக்கே மறுபடி அனுப்புங்கள்.

ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே மற்ற இதழ்களிடமிருந்து கதையைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும். தொகுப்பில் ஒரு கவிதை மட்டும் ஏற்கப்பட்டால், அது இனி இல்லை என்று மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு போதும். ஒப்பந்தத்தில் முதல் வெளியீட்டு உரிமை மட்டும் கேட்டு, பின்னர் உரிமை உங்களுக்கே திரும்பும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா உரிமையும் எங்களுக்கே என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.