சாவடியில் கொடுத்துச் சென்ற இரண்டு தெனாரியம்

நல்ல சமாரியர் உவமையை மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். காயங்களைக் கட்டியதும், எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்ததும் நம் நினைவில் நிற்கின்றன. மறுநாள் நடந்ததை மட்டும் விரைவாகக் கடந்துவிடுகிறோம். அவர் புறப்பட வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்தார் (லூக் 10:35). தாம் அருகில் இல்லாத நாள்களிலும் அடிபட்டவர் கவனிக்கப்பட வேண்டும் என்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. உயில் வழியாக மருத்துவப் பணிக்குக் கொடுப்பதையும் நாம் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

பாபநாசத்திலிருந்து கீழே இறங்கும் தாமிரபரணிக் கரையில் வாழை விவசாயிகள், பீடி சுற்றும் பெண்கள், பனையேறிகள் எனப் பலரும் வாழ்கின்றனர். பெரிய நோய் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய பின்? பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவருக்குப் படுக்கைப்புண் வராமல் யார் பார்ப்பது? கடைசி நாள்களில் வலியோடு கிடக்கும் பாட்டிக்கு யார் துணை? வாரம் ஒருமுறை வீடு தேடி வரும் ஒரு செவிலியர், ஒரு பை மருந்து, பேருந்துக்கட்டணம் ஆகியவையே நம் கிராமங்களின் தேவை. இதற்குப் பெரிய செல்வந்தர் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

மனம் உள்ளவர்கள் நம் பங்குகளில் இல்லாமல் இல்லை. "சாமி, எனக்குப் பிறகு அந்த வயலை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துருங்க" என்று முதியவர்கள் சொல்வதைப் பல பங்குத்தந்தையர் கேட்டிருப்பார்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. போர்முனையில் உள்ள படைவீரர் போன்ற சிலருக்கே வாய்மொழி உயில் உரிமை உண்டு. மற்றவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும். உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்ற பயத்தில் நாளைக் கடத்துகிறோம். பிறகு அடக்கத்திற்கு வந்த உறவினர் கல்லறைத் தோட்டத்திலேயே சண்டையைத் தொடங்குகிறார்கள்.

ஒரு காலத்தில் எழுதினாலும் போதாது என்ற நிலை இருந்தது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 118-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பிள்ளைகளோ அவர்களைவிட நெருங்கிய உறவினரோ உள்ள கிறிஸ்தவர் ஒருவர் சமயப் பணிக்கோ அறப்பணிக்கோ உயில் எழுதினால், எழுதி 12 மாதங்களாவது அவர் உயிரோடு இருக்க வேண்டும். எழுதிய 6 மாதங்களுக்குள் அந்த உயிலை அரசு குறித்த இடத்தில் ஒப்படைத்திருக்கவும் வேண்டும். தை மாதம் எழுதி ஐப்பசியில் இறந்தால், மருத்துவமனைக்கு எழுதியது செல்லாது. அதே உயிலில் நண்பருக்கு எழுதியது மட்டும் செல்லும்! இந்துக்களுக்கும் இசுலாமியருக்கும் இத்தடை இல்லை. பார்சி மக்களுக்கும் 1991-இல் விலக்குக் கிடைத்தது.

இது இங்கிலாந்தின் பழைய சட்டங்களின் நிழல். சாகும் படுக்கையில் இருப்பவரைக் குருக்கள் வற்புறுத்தி எழுதி வாங்கிவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். இங்கிலாந்தே 1960-இல் தன் சட்டத்தைக் கைவிட்டது. கேரளத்தின் கத்தோலிக்கக் குரு ஜான் வள்ளமட்டம் 1997-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2003 ஜூலை 21 அன்று, தலைமை நீதிபதி வி.என்.கரே தலைமையிலான அமர்வு, இப்பிரிவு சம உரிமைக்கு எதிரானது என்று கூறி அதை நீக்கியது. தாம் எப்போது இறப்போம் என்பது எழுதுபவர் கையில் இல்லையே!

தடை போனாலும், அந்தப் பழைய அச்சத்தில் சிறிது நியாயம் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்வது நல்லது. நோயில் பூசுதல் கொடுக்கப் போகும் இடத்தில் சொத்துப் பேச்சு எழக் கூடாது. கிறிஸ்தவர் தம் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதச் சட்டம் இடம் தருகிறது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இத்தனை பங்கு கட்டாயம் என்று அது சொல்லவில்லை. ஆகவே அந்தக் கணக்கை நம் மனச்சான்றுதான் பார்க்க வேண்டும். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்கென்று ஒதுக்கி வைத்தவர்களை ஆண்டவர் கண்டித்தார் (மாற் 7:9-13). மணமாகாத மகளுக்கு வீடில்லாமல் செய்துவிட்டு மருந்தகம் கட்டுவது அறமாகாது.

எதற்கு எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். நம்மவர்களுக்குக் கட்டடம் என்றால் ஆசை, பெயர் பொறித்த கல்வெட்டு என்றால் அதைவிட ஆசை. கல்வெட்டு என்றதும் காஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடல் நினைவுக்கு வருகிறது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையைக் குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளரைக் கவனிக்கும் பெண்கள் ஆகியோருக்கு ஆண்டுதோறும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். கட்டடத்தைவிடச் சம்பளம்தான் மருத்துவமனையை நடத்தும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாமும் "செவிலியர் சம்பளத்திற்கும் மருந்துக்கும்" என்று எழுதலாம். குறிப்பிட்ட தொகையாக எழுதினால் 20 ஆண்டில் அதன் மதிப்புத் தேய்ந்துவிடும். பத்தில் ஒரு பங்கு என்று எழுதினால் அந்தக் கவலை குறையும்.

எழுதும் முறை கடினமல்ல. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிட வேண்டும். சாட்சிக்கோ அவர் கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதினால் அது மட்டும் செல்லாது, ஆகவே பயன்பெறுபவரைச் சாட்சியாக்க வேண்டாம். "நம்ம கோவில் ஆஸ்பத்திரி" என்று எழுதாமல், அதை நடத்தும் சங்கம் அல்லது அறக்கட்டளையின் பதிவுப் பெயரைக் கேட்டு எழுதுவது முக்கியம். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், உயிரோடு இருக்கும்வரை வீடும் வயலும் நம்முடையவையே. தானப்பத்திரம் அப்படியல்ல, எழுதிக் கொடுத்ததும் உரிமை போய்விடும். முதியோர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்ட பிறகே கையொப்பமிட வேண்டும். இன்னொன்று, கிறிஸ்தவர் உயில் எழுதிய பின் திருமணம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும், மறுமணம் செய்பவர்கள் புதிதாக எழுத வேண்டும்.

பதிவு செய்யாத உயிலும் செல்லும். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுவது பாதுகாப்பு. அதோடு எழுதியதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடலாம். பீரோவில் கல்யாணப் பட்டுச்சேலையின் மடிப்புக்குள் வைத்த உயில், சேலையை யார் எடுப்பது என்று மருமகள்கள் பேசி முடிக்கும்வரை வெளியே வருவதில்லை.