காற்றும் ஒரு விளைச்சல்!

குட்டீஸ், உங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் ஒரு காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? வகுப்பறை விளக்கு எரிய அதுவே மின்சாரம் கொடுத்தால்?

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ஸ்பிரிட் லேக் என்ற சிற்றூரில், 1993-ம் ஆண்டிலேயே தொடக்கப் பள்ளிக்கு ஒரு காற்றாலை வைத்தார்கள். பள்ளி செலவழித்தது போக மீதமான மின்சாரத்தை மின்சார நிறுவனத்துக்கு விற்றார்கள். காற்றாலைக்காக வாங்கிய கடன், அதனால் மிச்சமான பணத்தைக் கொண்டே அடைபட்டது. 2001-ல் இன்னும் பெரிதாக இரண்டாவது காற்றாலையும் வந்தது!

அயோவாவுக்கு எப்படி இப்படிக் காற்றாலை ஆசை வந்தது? அதற்கு நாம் 1983-ம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அயோவா ஒரு விவசாய பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மக்காச்சோளமும் சோயா மொச்சையும்தான். மின்சாரத்துக்கோ பெரும்பாலும் நிலக்கரியை நம்பியிருந்தார்கள். அந்த நிலக்கரி தொலைவில் உள்ள வயோமிங் போன்ற மாநிலங்களிலிருந்து ரயிலில் வரும். அதாவது, அயோவா மக்கள் விளக்குப் போடும்போதெல்லாம் அவர்கள் பணத்தில் ஒரு பங்கு வெளியூருக்குப் போய்விடும்!

1983-ல் அயோவா அரசு ஒரு சட்டம் போட்டது. 'மாநிலத்தின் இரண்டு பெரிய தனியார் மின்சார நிறுவனங்களும் சேர்ந்து, 105 மெகாவாட் அளவுக்குப் புதுப்பிக்கத்தக்க வழியில் மின்சாரம் பெற வேண்டும்' என்பதுதான் அது. காற்று, சூரிய ஒளி போலத் தீராத சக்தியிலிருந்து வருவதே புதுப்பிக்கத்தக்க மின்சாரம். அமெரிக்காவில் இப்படி விதி போட்ட முதல் மாநிலம் அயோவாதான்.

105 மெகாவாட் என்றால் எவ்வளவு தெரியுமா? 10 வாட் எல்.இ.டி. பல்புகள் ஒரு கோடியே 5 லட்சத்தை ஒரே சமயத்தில் எரிக்கலாம்!

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. நிறுவனங்கள் எதிர்த்தன. வழக்கும் வாதமுமாக ஆண்டுகள் ஓடின. அந்த 105 மெகாவாட்டை எட்டவே 1990-களின் கடைசி ஆகிவிட்டது. ஆனால், காற்றாலையால் லாபம் உண்டு என்று தெரிந்த பிறகு யாரும் நிற்கவில்லை. மத்திய அரசின் வரிச்சலுகையும், அங்கே வீசும் நல்ல காற்றும் கைகொடுத்தன. இன்று அங்கே 12,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலைகள் உள்ளன. மாநிலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்துதான் வருகிறது!

சரி, இதனால் ஊருக்கு என்ன லாபம்?

* தன் நிலத்தில் காற்றாலை நிற்க இடம் கொடுக்கும் விவசாயிக்கு ஆண்டுதோறும் வாடகை வரும். மழை பொய்த்தாலும், சோளம் விலை சரிந்தாலும் அந்த வாடகை நிற்காது. காற்றாலையின் அடிப்பகுதிக்கும் பாதைக்கும் போக, மற்ற இடத்தில் வழக்கம் போல் பயிர் செய்யலாம்.

* காற்றாலை நிறுவனங்கள் மாவட்டத்துக்குச் சொத்து வரி கட்டுகின்றன. பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

* உயரத்தில் ஏறிப் பழுது பார்க்க ஆட்கள் வேண்டுமே! எஸ்தர்வில் என்ற ஊரில் உள்ள கல்லூரி 2004-ல் அதற்கென்றே ஒரு படிப்பைத் தொடங்கியது.

நியூட்டன் என்ற ஊரின் கதையைக் கேளுங்கள். 'மேடாக்' சலவை இயந்திரத்துக்குப் பேர் போன ஊர் அது. 2007-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஊரே கலங்கி நின்றது. அடுத்த ஆண்டே, காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலை அங்கே வந்தது. பலருக்கு மீண்டும் வேலை கிடைத்தது.

ஆனால், 2021-ல் அதுவும் உற்பத்தியை நிறுத்தியது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். மீண்டும் திறக்கப் போவதாக 2022-ல் அறிவிப்பு வந்தது. ஒரே தொழிற்சாலையை நம்பியிருக்கும் ஊருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. சத்தம் கேட்கிறது, இறக்கையின் நிழல் வீட்டின் மேல் சுழல்கிறது என்று குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். சில மாவட்டங்கள் புதிய காற்றாலைகளுக்குக் கட்டுப்பாடே போட்டுவிட்டன. வாடகை ஒருவருக்கு, தொல்லை பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றால் கோபம் வரத்தானே செய்யும்?

ஆகவே, காற்று எல்லாக் குறையையும் தீர்த்துவிடாது. ஆனால், நிலக்கரிக்காக வெளியூர் போன பணத்தில் ஒரு பங்கை ஊரிலேயே தங்க வைத்தது. அதற்கு முதல் அடி ஒரு சின்னச் சட்டம்!

நம் நாட்டிலும் மின்சாரச் சட்டம் 2003-ன்படி, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை இத்தனை சதவீதம் வாங்க வேண்டும் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் விதி வகுக்கின்றன. அடுத்த முறை சாலையோரம் காற்றாலையைப் பார்த்தால், 'இதனால் இந்த ஊருக்கு என்ன கிடைக்கிறது?' என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பீர்கள்தானே?