குன்னூரிலிருந்து போன மின்னஞ்சல் ஏன் வாசலிலேயே திரும்புகிறது?

குன்னூர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று சொந்த சர்வரிலிருந்து விலைப்பட்டியல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரி சரி. ஆனாலும் ஜிமெயில் ஏற்க மறுக்கிறது. ஏன்?

லாரியின் பக்கவாட்டில் எந்த எஸ்டேட் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். கேட்டில் நிற்கும் காவலர் பார்ப்பதோ டிஎன் 43 என்று தொடங்கும் நம்பர் பிளேட்டை. அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை.

சர்வரின் நம்பர் பிளேட் அதன் ஐபி எண். பெறும் சர்வர் அந்த எண்ணை, பெயருக்கு எண் தரும் இணையப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் தலைகீழாகத் தேடும்: இதற்குரிய பெயர் என்ன? கிடைத்த பெயரைத் திரும்பத் தேடினால் அதே எண் வர வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதை எல்லா அனுப்புநர்களிடமும் கேட்கிறது.

பலரும் தடுமாறுவது இங்கேதான். டொமைன் உங்களுடையது, ஐபி எண் இணைப்பு தந்த நிறுவனத்துடையது. அதனால் எண்ணுக்குரிய பெயரைச் சொல்லும் பதிவை நீங்களாகப் போட முடியாது. எண்ணையும் சர்வர் பெயரையும் எழுதி, அவர்களிடமே கேளுங்கள்.