வரைபடத்தின் விகிதமும் கோட்டின் தடிப்பும்

பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் புனேயிலும் வாழ்ந்துகொண்டு, சொந்த ஊரில் வீடு கட்டுகின்றவர் நம்மவருள் பலர். கட்டடத்தின் வரைபடம் அவர்களுக்குக் கைப்பேசி வழியே வந்து சேர்கிறது. அதனைக் கடையில் அச்சிட்டு, அளவுகோலை மேலே வைத்துக் கூடம் இத்தனை அடி என்று கணக்கிடுவோர் உண்டு. அக்கணக்கை நம்பலாமா?

மையும் பேனாவும் கொண்டு வரைந்த நாளில் விகிதத்தை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். கணிப்பொறியில் முறை தலைகீழானது. 12 மீட்டர் வீட்டை 12 மீட்டராகவே வரைகின்றோம். தாளில் எத்தனை பங்கு சுருக்குவது என்பதைப் பின்னர்த் தீர்மானிக்கின்றோம். 1:100 ஆயின் வீடு 12 சென்டிமீட்டர். 1:50 ஆயின் 24. திரையில் வேண்டியவாறு பெருக்கிப் பார்க்கலாமாதலால், கோடு தாளில் எவ்வாறு விழும் என்பதை வரைவோர் மறந்துவிடுவதுண்டு.

ஒன்பது அங்குலச் சுவரை 230 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 1:50-இல் அது 4.6 மில்லிமீட்டர், இரு கோடுகளுக்கு நடுவே செங்கலைக் குறிக்கும் சாய்கோடுகளுக்கும் இடமுண்டு. 1:500-இலோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரு கோடுகளும் ஒட்டி ஒன்றாகிவிடும். அத்தகைய படத்தில் கட்டடத்தின் புறவரையை மட்டும் காட்டுதலே தகும்.

வெட்டுண்ட சுவருக்கு 0.5, கதவு, படி முதலியவற்றுக்கு 0.25, அளவுக் கோடுகளுக்கு 0.18 மில்லிமீட்டர் என்பது நல்ல வழக்கு. சர்வதேசத் தரத்தில் இத்தடிப்புகள் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என ஏறிச் செல்கின்றன; ஒவ்வொன்றும் முன்னதைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. ஏ4, ஏ3, ஏ2 தாள்களின் பக்கங்களும் அதே மடங்கில் பெருகுவன. அழகிய பொருத்தம்! ஏ2 படத்தை ஏ3 ஆகச் சுருக்கினால் 0.5 கோடு 0.35 ஆகும்; தரத்தினின்று வழுவாது.

ஏ1 படத்தை ஏ3 தாளில் அச்சிட்டாலோ நீளங்கள் பாதியாகின்றன. 1:50 படம் உண்மையில் 1:100 ஆகிவிடும், 0.18 கோடு 0.09 ஆகி மங்கிப்போகும். மூலையில் எழுதிய விகிதம் மட்டும் மாறாது நின்று நம்மை ஏய்க்கும். கடைக்காரர் தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கிவிட்டாலோ, இன்ன விகிதமென்றே சொல்ல இயலாது.

ஆதலின், எழுதப்பட்ட எண்களையே கொள்ளுதல் வேண்டும். எண் இல்லாவிடத்து வரைவாளரைக் கேட்டு எழுதி வாங்குதல் வேண்டும். படத்தின் அடியில் 5 மீட்டரைக் குறிக்கும் அளவுப் பட்டை ஒன்றையும் வரையச் சொல்லலாம். படம் சுருங்கினால் பட்டையும் உடன் சுருங்குமாதலின், அதனோடு ஒப்பிட்டு ஓரளவு அறியலாம். அடிக்குக் கால் அங்குலம் என வரைந்த பழைய படமாயின் அதன் விகிதம் 1:48. அதனை 1:50 கோலால் அளப்பவருக்கு நூற்றுக்கு நான்கு பங்கு மிகையாகக் காட்டும்.